நண்டில் ஹீம் இருக்கிறதாம்!

வாவிக்கரையான் – இரவு 8.10

நேற்றுப் 'பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து' இழையில் கல்முனைக் காக்கா எழுதியதை அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "நண்டிலும் ஹீம் இருக்கிறது, சோகை உள்ள பிள்ளைக்கு முருங்கையிலை போட்டு நண்டுக்கறி வைத்துக் கொடுங்கள்." ஹீம் என்பது நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும், இரும்பு உள்ள மூலக்கூறு. அந்த எழுத்துக்குக் கீழே ஒருவர் மாறி ஒருவர் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள். படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது வாவிக்கரையில். அப்பா நண்டு வலை போட்டவர். நண்டின் கால் ஒடிந்த இடத்தில் கசிவது சிவப்பு இல்லை. தண்ணீர் மாதிரி வரும், காற்றுப் பட்டால் இலேசாக நீலம் பிடிக்கும். அந்த நீலத்தைத் தரும் புரதத்தின் பெயர் ஈமோசயனின். அங்கே ஒட்சிசனைப் பிடிப்பது இரண்டு செம்பு அணுக்கள். நாலு பைரோல் வளையத்தைக் கோத்து நடுவில் இரும்பை வைத்த ஹீம் அதில் கிடையாது. பெயரில் 'ஈமோ' இருப்பதால் ஹீமும் இருக்கும் என்பவர்கள் யானைநெருஞ்சியில் யானையைத் தேடட்டும். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு இரத்தம் என்றுதான் பொருள்.

நண்டில் ஹீம் இல்லை. கதை முடிந்தது.

கல்முனைக் காக்கா – இரவு 8.31

தம்பி, என் எழுத்தை எடுத்துப் போட்டீர், சந்தோசம். ஆனால் தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் போட்டிருக்கிறீர். "ஈரல் அளவுக்கு இல்லாவிட்டாலும்" என்று தொடங்கிய வசனம் அது.

நண்டின் இரத்தம் நீலம் என்பது எனக்கும் தெரியும். முப்பது வருஷம் ஆய்வுகூடத்தில் குருதியோடு கிடந்தவன் நான். நான் நண்டின் இரத்தத்தைச் சொல்லவில்லை, நண்டைச் சொன்னேன். நண்டுக்குத் தசை உண்டு. தசைக் கலத்துக்குள் சத்தி எடுக்கும் இழைமணி உண்டு. இழைமணியில் சைற்றோகுரோம் என்ற புரதம் உண்டு. சைற்றோகுரோமில் ஹீம் உண்டு. இதில் எந்தப் படியில் உமக்குக் கால் வழுக்குகிறது?

வாவிக்கரையான் – இரவு 8.36

படியெல்லாம் கிடக்கட்டும். நண்டின் இரத்தம் நீலமா இல்லையா? அதற்கு ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

தேத்தாத்தீவான் – இரவு 8.40

எனக்கு ஒரு சந்தேகம். அவித்தால் நண்டு சிவக்கிறதே, அந்தச் சிவப்பு ஹீம் இல்லாமல் எப்படி வரும்?

வாவிக்கரையான் – இரவு 8.47

அப்படிக் கேளுங்கள். அது அஸ்டாசாந்தின், கரட் நிறமிக்குச் சொந்தக்காரன். உயிரோடு இருக்கும் நண்டின் ஓட்டில் ஒரு புரதம் அதைக் கட்டிப்பிடித்து நீலப்பச்சையாக வைத்திருக்கிறது. சூடு ஏறப் புரதம் குலைந்து பிடி விடும், நிறமி தன் சொந்தச் சிவப்பைக் காட்டும். அதில் இரும்பு ஒரு பொட்டும் இல்லை. ஆக நண்டு சிவந்தாலும் ஹீம் இல்லை, நீலமாக இருந்தாலும் ஹீம் இல்லை. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

வந்தாறுமூலை மாணவி – இரவு 9.05

அண்ணன், நீங்கள் சொன்ன அஸ்டாசாந்தின் சரி, ஈமோசயனின் சரி. ஆனால் அதிலிருந்து நண்டு முழுவதிலும் ஹீம் இல்லை என்ற முடிவு எப்படி வந்தது?

அந்தாட்டிக்காக் கடலில் பனிமீன் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. அவற்றின் குருதியில் ஈமோகுளோபினே இல்லை, குருதி நிறமில்லாமல் ஓடும். குளிர் நீரில் ஒட்சிசன் நிறையக் கரைந்திருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. அந்த மீனின் இதயக் கலத்தில்கூட சைற்றோகுரோம்கள் இருக்கின்றன, அவற்றில் ஹீம் இருக்கிறது. ஏனென்றால் ஒட்சிசனைச் சுமந்து வருவது ஒரு வேலை, வந்த ஒட்சிசனிடம் இலத்திரனைக் கொடுத்துச் சத்தி எடுப்பது வேறு வேலை. இரண்டாவதை நிறுத்தினால் கலம் செத்துவிடும். சயனைட்டு கொல்வது அப்படித்தான். குருதியில் ஒட்சிசன் நிறைந்திருக்கும், ஆனால் இழைமணியில் உள்ள கடைசி நொதியத்தின் ஹீம் இரும்பில் சயனைட்டு போய் உட்கார்ந்துவிடும். நண்டுக்கும் அதே நொதியம்தான்.

தேத்தாத்தீவான் – இரவு 9.08

அதனால்தான் எங்கள் அம்மம்மா மரவள்ளி தின்ற அன்று இஞ்சியைக் கண்ணிலும் காட்டமாட்டா.

வாவிக்கரையான் – இரவு 9.19

தங்கச்சி, அந்தாட்டிக்கா மீன் நம்ம வாவிக்கு எப்போது வந்தது? பேச்சு நண்டைப் பற்றி.

இன்னொன்று. அந்தக் கடைசி நொதியத்தில், சைற்றோகுரோம் ஒட்சிடேசில், ஹீமோடு செம்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டது ஏன்? பார்த்தீர்களா, எங்கே போனாலும் நண்டுக்குச் செம்புதான்.

வந்தாறுமூலை மாணவி – இரவு 9.22

"ஹீமோடு செம்பும்" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அண்ணன்.

வாவிக்கரையான் – இரவு 9.24

நான் எழுதியது உங்கள் வாதத்தைத்தான், என் வாதத்தை அல்ல.

அக்கரைப்பற்று டீச்சர் – இரவு 9.30

எல்லோரும் ஹீம், ஹீம் என்கிறீர்கள். நம் பாடநூலில் ஈமோகுளோபின் என்றுதான் இருக்கிறது. அப்படியென்றால் இதையும் 'ஈம்' என்று எழுத வேண்டும். ஒரே வசனத்தில் ஈமோசயனினும் ஹீமும் வருவது என்ன நியாயம்? பிள்ளைகள் படிக்கிற இடம் இது.

வாவிக்கரையான் – இரவு 9.41

டீச்சர், 'ஈம்' என்று எழுதினால் எனக்கு ஈமக்கிரியைதான் நினைவுக்கு வருகிறது. உயிர் மூச்சுக்கு வேண்டிய பொருளுக்குச் சாவீட்டுப் பெயர் எதற்கு? ஹ எழுத்து நம்மிடம் இருக்கிறது, எழுதினால் குறைந்துபோக மாட்டோம்.

அக்கரைப்பற்று டீச்சர் – இரவு 9.46

ஈமம் வேறு, ஈம் வேறு. இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன், ஒரு பிள்ளையும் பயந்து ஓடவில்லை.

கல்முனைக் காக்கா – இரவு 9.52

எழுத்தை டீச்சர் பார்த்துக்கொள்ளட்டும். நான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹீம் என்றால் இரத்தம் என்று நினைப்பதுதான் கோளாறு. மனித உடலில் உள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈமோகுளோபினில் கிடக்கிறது, அதனால் அதுவே கண்ணை மறைக்கிறது. ஒரு செங்குழியத்தில் சுமார் 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறு, ஒவ்வொன்றிலும் நாலு ஹீம். ஆனால் செங்குழியம் இல்லாத இடத்திலும் ஹீம் வேலை செய்கிறது. ஈரலில் மருந்துகளை உடைக்கும் பீ450 நொதியங்களில் ஹீம். நஞ்சான பேரொட்சைட்டை உடைக்கும் கற்றலேசில் ஹீம். தசையில் ஒட்சிசன் வைத்திருக்கும் மயோகுளோபினில் ஹீம். சூரை மீனின் சதை கருஞ்சிவப்பாக இருப்பது இந்த மயோகுளோபினால்தான். அவரை, கச்சான் குடும்பத்து வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அதுவும் ஹீம் உள்ள புரதம். கச்சான் செடிக்கு இரத்தம் ஓடுகிறதா?

பழைய காலத்தில் மலேரியாக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தால் கிருமிக்குள் கபில நிறத்தில் பொடி தெரியும். கிருமி ஈமோகுளோபினைத் தின்றுவிட்டு, மிஞ்சும் ஹீம் தன்னையே கொல்லாமல் இருக்கப் பளிங்காக அடைத்து வைப்பது அது. அந்த அடைப்பைத்தான் குளோரோகுயின் என்ற மலேரியா மருந்து தடுத்தது. கட்டில்லாமல் திரிகிற ஹீம் அவ்வளவு பொல்லாதது.

வாவிக்கரையான் – இரவு 10.03

சூரை, அவரை, கச்சான், மலேரியா. காக்கா, கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்தீர்கள், நண்டுக் கடைக்கு மட்டும் போகவில்லை.

எனக்கு உங்கள் வழக்கம் தெரியும். போன வருஷம் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடி வாவியில் கேட்கும் பாட்டு மீனுடையதா, சிப்பியுடையதா என்ற இழையிலும் இப்படித்தான். கேட்டது ஒன்று, நீங்கள் திமிங்கிலத்தில் போய் முடித்தீர்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

ஹீம் என்பது ஒட்சிசனைத் தூக்கும் கூடை. நண்டிடம் வேறு கூடை இருக்கிறது, செம்புக் கூடை. ஒரு வீட்டுக்கு இரண்டு கூடை எதற்கு?

வந்தாறுமூலை மாணவி – இரவு 10.20

கூடை என்று சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. ஹீம் பரம்பரையலகுகளையே திறந்து மூடுகிறது.

செங்குழியம் உருவாகிக்கொண்டிருக்கும் கலத்தை எடுங்கள். ஹீம் தட்டுப்பாடானால் எச்ஆர்ஐ என்ற நொதியம் விழித்துக்கொண்டு புரதத் தயாரிப்பையே அடக்கிவிடும். சீமெந்து வராமல் மேசன் கல் அடுக்க மாட்டான் என்பது மாதிரி, ஹீம் வராமல் ஈமோகுளோபினின் புரதப் பகுதியான குளோபினைச் செய்து குவிக்காதே என்பதுதான் அதன் கணக்கு. மறுபக்கம், ஹீம் கூடினால் பாக்1 என்ற புரதத்தில் போய் ஒட்டும். ஒட்டியதும் பாக்1 டிஎன்ஏயை விட்டு இறங்கும், அதுவரை பூட்டிக் கிடந்த ஹீம் ஒட்சிசனேசு பரம்பரையலகு திறக்கும். அந்த நொதியம் வந்து ஹீமையே வெட்டும். வெட்டினால் இரும்பு, காபனோரொட்சைட்டு, பச்சை நிறப் பிலிவேர்டின். பிறகு அது மஞ்சள் பிலிரூபினாகும். அடிபட்டுக் கன்றிய இடம் கறுத்து, பச்சையாகி, மஞ்சளாவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரலில் ஹீம் போதுமான அளவு இருந்தால், ஹீம் தயாரிப்பின் முதல் நொதியத்தையும் அதுவே அடக்கிவிடும்.

இது மனிதர்களில்தானே என்பீர்கள். பழ ஈயில் ஈ75 என்று ஒரு புரதம் இருக்கிறது. பரம்பரையலகுகளைக் கட்டுப்படுத்துவது, பூச்சி தோல் கழற்றும் ஓமோன் வழியில் வேலை செய்வது. அதன் மடியில் ஹீம் உட்கார்ந்திருக்கிறது. பழ ஈ கணுக்காலி. நண்டும் கணுக்காலி.

வாவிக்கரையான் – இரவு 10.26

பழ ஈ நண்டு இல்லை.

தேத்தாத்தீவான் – இரவு 10.27

ஈ, ஈம், ஈ75. டீச்சர் பக்கம் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது.

அக்கரைப்பற்று டீச்சர் – இரவு 10.29

பழ ஈயில் வரும் ஈ வேறு. தயவுசெய்து கேலி வேண்டாம்.

வாவிக்கரையான் – இரவு 10.44

கணுக்காலி என்றதும் நினைவு வந்தது. நீர்த்தெள்ளும் கணுக்காலிதான், ஒட்சிசன் குறைந்த தண்ணீரில் அது ஈமோகுளோபின் செய்து சிவந்துபோகும். வடிகான் சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, கொசு மாதிரி ஒரு பூச்சியின் குடம்பி, அதற்கும் ஈமோகுளோபின். ஹீம் உள்ள கணுக்காலி சிவப்பாக இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நண்டு சிவக்கவில்லை. ஆகவே நண்டில் இல்லை.

எனக்கு உயர்தர உயிரியலில் ஏ. யாரிடமும் படிக்க வேண்டிய நிலையில் இல்லை.

கல்முனைக் காக்கா – இரவு 10.51

உம்முடைய மூளையும் சிவப்பாக இல்லை, சாம்பல் நிறம். அதிலும் இழைமணி இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாவிக்கரையான் – இரவு 10.53

தனிப்பட்ட தாக்குதல். நடுவர் பார்க்கவும்.

கல்முனைக் காக்கா – இரவு 11.35

பேசிப் பயனில்லை என்று குசினிக்குப் போனேன். மத்தியானம் வாங்கிய நண்டில் ஒன்று மிச்சம் இருந்தது. பச்சைச் சதையில் கொஞ்சம் எடுத்துக் காயம் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டை விட்டேன். பொங்கிய நுரை பிளேன்டீக் கோப்பையின் விளிம்பு வரை வந்தது. அது கற்றலேசு. கற்றலேசு ஹீம் நொதியம். அவித்த சதையில் விட்டேன், சும்மா கிடந்தது. மனுசி ஏசிக்கொண்டே கோப்பையைக் கழுவுகிறா.

வாவிக்கரையான் – இரவு 11.42

மங்கனீசு கற்றலேசு என்றும் ஒன்று உண்டு. அதில் ஹீம் கிடையாது.

வந்தாறுமூலை மாணவி – இரவு 11.44

அது சில பற்றீரியாக்களில் அண்ணன்!

வாவிக்கரையான் – இரவு 11.45

மத்தியானம் வாங்கி இரவு வரை வைத்த நண்டில் பற்றீரியா இருக்காதா? மேலும், காக்கா வாங்கியது எந்த நண்டு? கடல் நண்டா, ஐஸ் போட்டு எங்கிருந்தோ வந்த நண்டா? நான் சொல்வது வாவி நண்டு. காலையில் வலை இழுத்ததும் படத்தோடு வருகிறேன். நீலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வந்தாறுமூலை மாணவி – இரவு 11.50

இரத்தம் நீலம் என்பதை முதல் மணித்தியாலத்திலேயே எல்லோரும் ஒத்துக்கொண்டோம். யாரும் மறுக்கவேயில்லை.

வாவிக்கரையான் – இரவு 11.51

அப்படியென்றால் தோல்வியை ஒத்துக்கொள்கிறீர்கள்.

வாவிக்கரையான் – காலை 6.48

வாக்குக் கொடுத்தபடி படம். இப்போது பிடித்த நண்டு, இடது கால். பாருங்கள்.

அக்கரைப்பற்று டீச்சர் – காலை 7.02

வெள்ளையாகத் தெரிகிறதே தம்பி.

வாவிக்கரையான் – காலை 7.04

வெயில் நேராக விழுகிறது. உங்கள் போனில் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கல்முனைக் காக்கா – காலை 7.15

எனக்கும் வெள்ளைதான். ஒட்சிசன் பிடிக்காத ஈமோசயனினுக்கு நிறம் இல்லை, இன்னும் கொஞ்சம் காற்றுப் படவிடும்.

வாவிக்கரையான் – காலை 7.17

எனக்கு ஈமோசயனின் படிப்பிக்க வேண்டாம், முதலில் சொன்னவன் நான்.

தேத்தாத்தீவான் – காலை 7.20

கிலோ என்ன விலைக்குப் போகிறது அண்ணன்? இரண்டு பெரிது இருந்தால் எடுத்து வையுங்கள், சைக்கிளில் வருகிறேன்.