டர்போ மாற்றியும் நீலப்புகை நிற்கவில்லை: ப்ரீதர் (எஞ்சினின் மூச்சுக்குழாய்) அடைப்பில் மாட்டியவர்கள் எழுதுங்கள்

கோவை37:
எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை மாற்றிப் பதினோராவது நாள். அவிநாசி ரோட்டில் சிக்னல் விழுந்து கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், அதே நீலப்புகை. பின்னால் நின்ற பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டர்போவுக்குக் கொடுத்தது அப்பாவின் சேமிப்புப் பணம். மூன்று மாதம் ஆகியும் மனசு ஆறவில்லை, அதான் எழுதுகிறேன்.

1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 82,000 கிலோமீட்டர். ஆயில் குறைந்துகொண்டே வந்தது, எஞ்சினின் மேல் மூடியான டப்பெட் கவர் ஓரமெல்லாம் கசிவு. "டர்போ சீல் போச்சு" என்று சர்வீஸில் சொன்னார்கள், நம்பினேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் உக்கடம் பக்கம் சின்ன ஷெட் வைத்திருப்பவர். டர்போவை அவர் தொடவே இல்லை. ஆயில் மூடியைக் கழற்றி, அந்த வாயில் ஆஸ்பத்திரிக் கையுறை ஒன்றை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். நாலைந்து நொடிதான். தொங்கிக் கிடந்த கையுறை விரல் விரலாக விறைத்து எழுந்து நின்றது. "ஐடிலிங்ல இது லேசா உள்ள இழுக்கணும். உங்களுது வெளிய தள்ளுது பாருங்க." டப்பெட் கவரிலிருந்து டர்போ வாய்க்குப் போகும் ப்ரீதர் ஹோஸைக் கழற்றினார். எஞ்சினுக்குள் சேரும் காற்றும் ஆவியும் வெளியேறும் வழி அது. உள்ளே கருப்புக் களி, பேனா ரீஃபில்கூட நுழையாது. அந்த ஆவியை மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்கு, விடும் பிசிவி வால்வும் அதே களியில் ஒட்டிக் கிடந்தது.

டர்போவுக்கு ஆயில் பம்ப் அழுத்தத்தில் ஏறுகிறது, ஆனால் திரும்புவது தன் எடையால் எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் வடிந்துதான். பிஸ்டனைத் தாண்டி வரும் காற்று வெளியேற வழியில்லாமல் கீழே முட்டிக்கொண்டு நின்றால் ஆயில் எப்படி இறங்கும்? சீலைத் தாண்டிக் கிளம்பிவிடும். புது டர்போவிலும் அதுவேதான் நடந்தது. முதலில் பார்த்தவர்கள் ஒரு ஹோஸைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும்.

ஸ்கார்பரோ குளிர்:
இங்கே கனடாவில் எனக்கு நடந்தது வேறு மாதிரி. போன மாசி, மைனஸ் 27. வேலைக்குப் பத்து நிமிட ஓட்டம்தான், எஞ்சின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். அன்றைக்கு ஒரு அலுவலாக 401 நெடுஞ்சாலையில் ஏறி மிதித்தேன், எரிந்த எண்ணெய் மணம். ஓரமாக நிறுத்தி பொனெட்டைத் திறந்தால் எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் அரைவாசி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, சுற்றிவர எண்ணெய். மூடியின் அடியில் மஞ்சள் நிறத்தில் ஆடைத் தயிர் போல ஒரு பசை. நீராவி ப்ரீதர் குழாய்க்குள் உறைந்து அடைத்துவிட்டது என்றார்கள். உள்ளே ஏறிய அழுத்தத்தில் கிராங்க் தண்டின் பின் சீலும் போய்விட்டது. அதை மாற்ற கியர்பொக்ஸையே இறக்க வேண்டும். கூலியைக் கேட்டுவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

மதுரை58:
கோவை நண்பருக்கு ஒன்று. கையுறை உப்பினால் ப்ரீதர் அடைப்பு என்று முடிவு கட்டக் கூடாது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, அடைப்பே இல்லாமல் காற்று அளவுக்கு மீறி வந்தாலும் அப்படித்தான் உப்பும். லீக்டவுன் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்ற சோதனை) பார்த்தீர்களா? பார்க்காமல் ஹோஸ் மட்டும் மாற்றியிருந்தால் நீங்களும் அந்த சர்வீஸ்காரர்கள் செய்ததைத்தான் செய்திருக்கிறீர்கள்.

என் வண்டியில் நேர் எதிர். ஐடிலிங்கில் புல்லாங்குழல் மாதிரி ஒரு சத்தம், செக் எஞ்சின் விளக்கு, கோட் பி0171, அதாவது கலவையில் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். ஆக்ஸிஜன் சென்சார் மாற்றச் சொன்னார்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறக்கப் பார்த்தேன், இரண்டு கையாலும் வரவில்லை. உள்ளே அப்படி இழுக்கிறது. முக்கித் திறந்ததும் சத்தம் பட்டென்று நின்றது, எஞ்சின் குலுங்கி அணையப் போனது. டப்பெட் கவருக்குள் ப்ரீதர் இழுப்பைக் கட்டுப்படுத்தும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது, நகக்கண் அளவுக்கு. அந்தக் கிழிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுத்திருக்கிறது. டயாஃப்ரம் தனியாகக் கிடைக்காது, கவரோடுதான் வாங்க வேண்டும் என்றார்கள்.

தாம்பரம் நேரடி:
எனக்குக் காற்று நுழையும் வால்வில் கரி. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் பெட்ரோல் வால்வைக் கழுவுவதில்லை, ப்ரீதர் ஆவியெல்லாம் அதில் படிந்து இறுகிவிட்டது. வால்நட் ஓட்டுத் தூள் அடித்துச் சுத்தம் செய்தேன்.

எல்லோருக்கும் சொல்கிறேன், ப்ரீதர் ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் வையுங்கள். ஆனால் சரியாக வையுங்கள். ஹோஸின் உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது, குறைந்தால் நீங்களே அடைப்பை உண்டாக்குகிறீர்கள். சாதா தண்ணீர் ஹோஸ் வேண்டாம், ஆயிலில் ஊறி உப்பிவிடும். கேனைக் காலி செய்ய மறக்காதீர்கள். ஹோஸை எடுத்துத் தரையைப் பார்த்து விட்டுவிடுவது மகா தவறு. பழைய கார்களில் அப்படித்தான் ரோட்டில் விட்டார்கள், அந்தப் புகையை நிறுத்தத்தான் கலிபோர்னியாவில் 1961 மாடல்களிலேயே பிசிவி வால்வு வந்தது. அப்புறம் காற்றை ஒரே பக்கம் விடும் செக் வால்வு. டர்போ பூஸ்ட் கொடுக்கும்போது மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும், அது எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் திரும்பாமல் தடுப்பது அந்த ஒரு வால்வுதான். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. இரண்டு பக்கமும் போனால் அன்றைக்கே மாற்றுங்கள். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள். சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நல்ல சூட்டில் ஓட்டுங்கள்.

ஸ்கார்பரோ குளிர்:
கேன் இங்கே சரிவராது. அதில் சேருவதில் பாதி தண்ணீர், அதுவே உறைந்து அடைக்கும். எல்லோருக்கும் என்று எழுதாதீர்கள்.

ஊட்டி43:
மேல் கோட்டைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். மாமாவின் பழைய டர்போ டீசல். சர்வீஸில் ஆயில் அதிகமாக ஊற்றிவிட்டார்கள், ப்ரீதரில் ஆயில் பிரிக்கும் பகுதியும் அடைப்பு. ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கியிருக்கிறது, யாருக்கும் தெரியாது. பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் மிதித்தபோது மொத்தமும் எஞ்சினுக்குள் போய்விட்டது. காலை எடுத்தும் சத்தம் ஏறுகிறது. சாவியை அணைத்தார், நிற்கவில்லை. டீசல் நின்றாலும் அது தன் ஆயிலையே எரித்து ஓடியது. பின்னால் வெள்ளைச் சுவர் மாதிரி புகை, பின் சீட்டில் அத்தை பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா பிரேக்கை முழுக்க மிதித்து, நாலாவது கியரில் போட்டு, கிளட்சைப் பட்டென்று விட்டார். வண்டி ஒரு உதறு உதறி நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

கோவை37:
மதுரை நண்பருக்கு: லீக்டவுன் பார்த்தோம். நாலு சிலிண்டரும் நன்றாகவே பிடித்தது, அதற்குப் பிறகுதான் ஹோஸும் வால்வும் மாற்றினோம். மறுபடியும் கையுறை மாட்டியபோது விரல்களெல்லாம் உள்ளே சுருண்டன. 4,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று, புகை இல்லை.

பழைய டர்போ வீட்டில் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. உக்கடத்துக்காரர் ஷாஃப்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு குறையும் இல்லை என்றார். எடைக்குப் போட்டுவிடலாம் என்றேன். அப்பா விடவில்லை, துணி சுற்றிப் பரணில் வைத்துவிட்டார்.