உதவி: ரோமில் இன்று இரவு சாப்பிட நல்ல இத்தாலியன் ரெஸ்டாரன்ட் எது? அவசரம்

கடைசிபெஞ்ச்77 | ஞாயிறு, மாலை 4.12
வணக்கம். ரோமில் இருக்கிறோம். ட்ராஸ்தேவெரே பக்கம் ரூம். இன்று இரவு ஒரு நல்ல இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்குப் போக வேண்டும். மேப்பில் பார்த்தால் எல்லாக் கடைக்கும் 4.5 காட்டுகிறது, தலை சுற்றுகிறது. போய் வந்தவர்கள் ஒரு பேர் சொல்லுங்கள். ஃபோனில் சார்ஜ் கம்மி, சீக்கிரம் ப்ளீஸ்.

ஜன்னல்_சீட் | 4.19
எத்தனை பேர்? சைவமா, அசைவமா? தலைக்கு எவ்வளவு வரை பரவாயில்லை? ட்ராஸ்தேவெரேயில் எந்தப் பக்கம்? நடுவில் ட்ராம் ஓடுகிற பெரிய ரோடு ஒன்று அந்தப் பேட்டையை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் சாந்தா மரியா தேவாலயச் சதுக்கம், திருவிழாக் கூட்டம். இன்னொரு பக்கம் சாந்தா சிசிலியா தேவாலயம், அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம்.

பழைய_பாஸ்போர்ட் | 4.23
ரோமில் உட்கார்ந்துகொண்டு ‘இத்தாலியன் ரெஸ்டாரன்ட்’ கேட்பது, கடலுக்குள் நின்றுகொண்டு உப்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பது போல. அங்கே எல்லாமே இத்தாலியன்தான் நண்பரே. ரோமச் சமையல் வேண்டுமா, நாப்போலி (நேப்பிள்ஸ்) பிட்ஸா வேண்டுமா, மீன் கடையா என்று கேட்டால் அது கேள்வி. மூன்று வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பழைய இழைகளில் இதைப் பத்து முறையாவது எழுதியிருக்கிறேன். தேடிவிட்டுக் கேட்டிருக்கலாம்.

சோடாபுட்டி | 4.26
பேரே தேவையில்லை. மூன்று விஷயம் பாருங்கள். வாசலில் ஒருத்தர் நின்று ‘வாங்க வாங்க’ என்று இங்கிலீஷில் கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள். மெனுவில் சாப்பாட்டுக்குப் படம் போட்டிருந்தால் ஓடிவிடுங்கள். ஆறு மொழியில் மெனு இருந்தால் திரும்பியே பார்க்காதீர்கள். பதினைந்து நாடு சுற்றிவிட்டேன், இது ஒரு இடத்திலும் பொய்த்ததில்லை.

ரயில்பூச்சி | 4.31
@சோடாபுட்டி, படம் போட்ட மெனுக் கடையில் நான் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன். படம் இல்லாத கடையில் ஐஸில் கிடந்த மீனும் தின்றிருக்கிறேன். படத்தைப் பார்க்காமல் நட்சத்திரக் குறியைப் பாருங்கள். அங்கே ஒரு அயிட்டத்துக்குப் பக்கத்தில் * போட்டிருந்தால் அது உறைய வைத்த சரக்கு, கீழே பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். பத்தில் எட்டுக்கு நட்சத்திரம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

ஆத்தோரம் | 4.38
ட்ராஸ்தேவெரே என்றாலே ‘திபெர் ஆற்றுக்கு அக்கரை’ என்று அர்த்தம். அக்கரைக்கு இக்கரை பச்சை என்பது இந்த விஷயத்தில் உண்மை. சுப்ளிச்சோ பாலத்தைத் தாண்டி தெஸ்தாச்சோ போய்விடுங்கள். 1975 வரை ஊருக்கே ஆடு மாடு அறுத்த இடம் அது. அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியோடு குடல், வால் எல்லாம் கொடுப்பார்களாம். அதிலிருந்து வந்ததுதான் அந்தப் பேட்டைச் சமையல். வாலை மணிக்கணக்கில் தக்காளியில் வேகவிட்டுத் தருவார்கள், எலும்பிலிருந்து கறி தானே கழன்று விழும். குடலும் விடாதீர்கள், புதினாவும் பெக்கோரினோ சீஸும் தூவியிருக்கும். வேறு எங்கும் போக வேண்டாம்.

கடைசிபெஞ்ச்77 | 4.52
மன்னிக்கவும், சொல்ல மறந்துவிட்டேன். 5 பேர். நான், மனைவி, பையன் (7 வயது), அப்பா, அம்மா. அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி, நிற்கவும் நடக்கவும் சிரமம். 7 மணிக்கெல்லாம் சாப்பிட்டுப் பழக்கம். இரண்டு நாளாக அம்மா பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான்.

ஜன்னல்_சீட் | 4.55
கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும் சார்.

ஆத்தோரம் | 4.57
சரி, வாலையும் குடலையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முந்திரிக்கொத்து | 5.01
டா என்ஸோ போங்கள், சாந்தா சிசிலியா பக்கம்தான். சூப்பர்.

ரயில்பூச்சி | 5.03
@முந்திரிக்கொத்து, அந்தக் கடை வாசலில் க்யூ எவ்வளவு நீளம் என்று தெரியும்தானே? முழங்கால் வலிக்காரரை அங்கே நிறுத்தச் சொல்கிறீர்களா? பேர் நல்ல பேர்தான், இந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கு இல்லை. அப்புறம், இன்று ஞாயிறு. குடும்பமாக நடத்துகிற சில கடைகள் ஞாயிறு மதியத்தோடு மூடிவிடுவார்கள். எதுவானாலும் ஒரு ஃபோன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய_பாஸ்போர்ட் | 5.06
அம்மாவுக்குக் கவலையே வேண்டாம். காச்சோ எ பெபே. சீஸ், மிளகு, பாஸ்தா வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான். ரோமில் எந்தக் கடையிலும் இருக்கும். சைவம் சைவம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறீர்கள்.

உப்புச்சப்பு | 5.12
@பழைய_பாஸ்போர்ட், இதில் இரண்டு கண்ணி இருக்கிறது. ஒன்று, ரோமில் காச்சோ எ பெபே பெரும்பாலும் தொன்னரெல்லியில் வரும். அது சதுரமாக வெட்டிய தடித்த நூடுல்ஸ் மாதிரி, மாவில் முட்டை போட்டுப் பிசைவார்கள். பாக்கெட் ஸ்பகெட்டி என்றால் கோதுமையும் தண்ணீரும்தான். இரண்டு, பெக்கோரினோ ரொமானோவில் பாலைத் திரிய வைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட். பார்மிஜானோ சீஸுக்குக் கன்றுக்குட்டி. அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் அப்படித்தான் செய்தாக வேண்டும் என்பது விதி. அம்மா இதையெல்லாம் பார்ப்பாரா என்று முதலில் கேளுங்கள்.

பழைய_பாஸ்போர்ட் | 5.15
இப்படிப் பார்த்தால் காற்றைத்தான் சாப்பிட வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு வெயிட்டரும் என்னிடம் ரென்னட் பற்றிப் பேசியதில்லை.

உப்புச்சப்பு | 5.17
நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சோடாபுட்டி | 5.19
வெளிநாட்டுக்கு வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என் மாமியார் பாரிஸில் கேக் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை.

உப்புச்சப்பு | 5.20
சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாருமே கேட்கவில்லையே. அறுபது வருடமாகத் தொடாததை ஒரு ராத்திரிக்காக ஏன் தொட வேண்டும் என்பதுதான் விஷயம். தெரிந்து சாப்பிடுவது வேறு, தெரியாமல் சாப்பிட வைப்பது வேறு.

ஜன்னல்_சீட் | 5.24
சண்டையை ஓரமாக வையுங்கள், அந்த அம்மா பசியோடு இருக்கிறார். @கடைசிபெஞ்ச்77, சார்ஜ் இருக்கும்போதே இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரத்தோரியா (சாதாரண சாப்பாட்டுக் கடை) வேண்டாம், பிட்ஸேரியா (பிட்ஸா கடை) போங்கள். பல ட்ரத்தோரியாவில் 7.30க்கு மேல்தான் அடுப்பே சூடாகும், பிட்ஸா கடையில் 7 மணிக்கே இலை போட்டுவிடுவார்கள். பையனுக்கும் பிரச்சினை இல்லை. அம்மாவுக்குப் பிட்ஸா மரினாரா. பேரைப் பார்த்து மீன் என்று நினைக்காதீர்கள். தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், முடிந்தது. சீஸே கிடையாது, அதனால் ரென்னட் சண்டையும் இல்லை. ரோம் பிட்ஸா மெல்லிசாக, ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும், பல்லுக்கும் சிரமமில்லை. ஆனால் ‘நாப்போலி’ என்று போட்டிருப்பதை அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள், ரோமில் அதற்கு நெத்திலி மாதிரி உப்பு மீன் போடுவார்கள். (வேடிக்கை என்னவென்றால் அதையே நாப்போலியில் ‘ரொமானா’ என்பார்கள். மீனை இரண்டு ஊரும் ஒன்றின் தலையில் இன்னொன்று கட்டிவிடுகின்றன.)

தொட்டுக்கொள்ள சிக்கோரியா இருக்கிறதா என்று கேளுங்கள். கசப்புக் கீரையை வேகவைத்துப் பிழிந்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு ஆலிவ் எண்ணெயில் வதக்கித் தருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் வீட்டுக் கீரைதான்.

பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்து வைத்திருப்பார்கள், ஃபியோரி தி ஸூக்கா என்று பேர். பார்த்தால் பஜ்ஜி. அம்மா கட்டாயம் ஆசைப்படுவார். உள்ளே மொட்ஸரெல்லாவோடு அதே உப்பு மீன் ஒரு துண்டு ஒளிந்திருக்கும். நான் பாதி கடித்த பிறகுதான் தெரிந்தது.

2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கடைக்காரர் சொல்லியாக வேண்டும். மெனுவில் அயிட்டத்துக்குப் பக்கத்தில் குட்டி எண்கள் இருக்கும். பெரும்பாலும் 3 முட்டை, 4 மீன், 7 பால். கடைக்குக் கடை மாறலாம், கடைசிப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறைச்சி அந்தப் பட்டியலில் வராது. அதை வாயால்தான் கேட்க வேண்டும்: ‘சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவோ’. கறி, மீன், முட்டை வேண்டாம் என்று அர்த்தம்.

பேர்தான் வேண்டும் என்றால் ட்ராம் ரோட்டிலேயே ‘ஐ மார்மி’ என்று ஒரு பழைய பிட்ஸா கடை. மேசையெல்லாம் வெள்ளை மார்பிள் பலகை. அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘பிணவறை’. அதை மட்டும் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

முந்திரிக்கொத்து | 5.31
கோபெர்த்தோ என்று உட்கார்ந்ததற்கே காசு வாங்குவார்கள், ஜாக்கிரதை. போன வருடம் ஒரு கடையில் எங்களிடம் பிடுங்கிவிட்டார்கள்.

ரயில்பூச்சி | 5.35
ரோம் இருக்கிற லாட்ஸியோ மாநிலத்தில் 2006லேயே சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் பில்லில் ‘பானே’ என்று வரும், அதாவது ரொட்டிக் காசு. ரொட்டி வேண்டாம் என்றால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். தின்றுவிட்டு ஏமாற்றிவிட்டான் என்று எழுதக் கூடாது.

பழைய_பாஸ்போர்ட் | 5.41
ரொட்டிக்கு ஒன்றிரண்டு யூரோவுக்கு இவ்வளவு பேச்சா? நான் சொல்ல வந்தது வேறு. மற்ற நாலு பேரும் கார்போனாரா பாஸ்தா சாப்பிடாமல் வரக் கூடாது. கிரீம் போட்டிருந்தால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள். முட்டை, பெக்கோரினோ, குவாஞ்சாலே, மிளகு. குவாஞ்சாலே என்பது பன்றிக் கன்னத்தை உப்பில் ஊறவைத்தது. ரோமப் பாட்டிகள் காலம் காலமாக இந்த ஒரே விதத்தில்தான் செய்து வருகிறார்கள்.

உப்புச்சப்பு | 5.48
காலம் காலமாகவா? அந்தக் குறிப்பு அச்சில் வருவதே 1950களில்தான். 1954ல் ஒரு இத்தாலியச் சமையல் இதழில் வந்த கார்போனாராவில் பூண்டு இருக்கிறது, க்ரூயேர் சீஸ் இருக்கிறது. க்ரூயேர் சுவிட்சர்லாந்துச் சரக்கு. 1944ல் வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பேக்கனும் முட்டைப்பொடியும்தான் ஆரம்பம் என்று ஒரு கதையும் உண்டு. உங்கள் பாட்டிக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கும்.

பழைய_பாஸ்போர்ட் | 5.50
இணையத்தில் நாலு கட்டுரை படித்துவிட்டு ரோமைப் பற்றிப் பேசாதீர்கள். நான் அங்கே வாழ்ந்தவன்.

ஆத்தோரம் | 5.53
1954ல் வாழ்ந்தீர்களா?

சோடாபுட்டி | 5.55
அந்த இதழில் படம் போட்டிருந்ததா?

பழைய_பாஸ்போர்ட் | 6.02
கேலி செய்கிறவர்கள் செய்யுங்கள். கிரீம் போட்டது கார்போனாரா இல்லை, இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

உப்புச்சப்பு | 6.04
கிரீம் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ‘காலம் காலமாக’ என்பதில்தான்.

ஜன்னல்_சீட் | 6.10
@கடைசிபெஞ்ச்77, பார்த்தீர்களா? அம்மா ரென்னட் பார்ப்பாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லுங்கள்.

ஜன்னல்_சீட் | 7.25
ஹலோ?

ரயில்பூச்சி | 7.40
சார்ஜ் போயிருக்கும்.

கடைசிபெஞ்ச்77 | இரவு 11.37
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் சார்ஜ் போட்டேன். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதற்குள் ஃபோன் அணைந்துவிட்டது, நினைவில் இருந்ததை வைத்துச் சமாளித்தோம். வழியில் ஒரு பிட்ஸா கடை, 7 மணிக்கே திறந்திருந்தது, அப்பாவுக்கு வாசலிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அம்மா மரினாரா முழுசும் சாப்பிட்டார். கீரையை இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார், ‘உப்பு ஒரு கல் கம்மி’ என்றார், அது அவர் வாயில் பெரிய பாராட்டு. பூசணிப்பூவைக் காட்டி வெயிட்டரே ‘பேஷே, பேஷே’ என்று கையாட்டிவிட்டார். பில்லில் பானே 2 யூரோ வீதம் 5 பேருக்கு, ரொட்டியைப் பையன் தின்றுவிட்டதால் ஒன்றும் பேசவில்லை. நாளை காலை ரயில். குட் நைட்.

ஜன்னல்_சீட் | 11.41
ரொம்ப சந்தோஷம் சார். கடை பேர்?

முந்திரிக்கொத்து | 11.58
ஆமாம், கடை பேர் என்ன? அடுத்த மாதம் நாங்களும் போகிறோம், என் மாமியாரும் சுத்த சைவம்.

ரயில்பூச்சி | திங்கள், காலை 8.15
பேரையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

முந்திரிக்கொத்து | வியாழன், மாலை 6.30
@கடைசிபெஞ்ச்77, கடை பேர் ப்ளீஸ்.