மறு: ‘சிறப்புக் கோப்புறை’ வேண்டாம், ‘முறைப்பெயர்’ போதும்

அனைவருக்கும் வணக்கமுங்க.

மேக்ரோக் (எக்ஸெல் வேலையைத் தானாகச் செய்கிற குறுநிரல்) கையேட்டில் ‘ஸ்பெஷல் ஃபோல்டர்’ (டெஸ்க்டாப் போல விண்டோஸே பெயர் வைத்திருக்கிற கோப்புறை) வருகிற அத்தியாயத்துக்கு ‘முறைப்பெயர்க் கோப்புறை’ என்று எழுதி அனுப்பியிருந்தேன். ஈரோட்டு அண்ணன், கோவை ஐயா, கரூர்த் தம்பி, பொள்ளாச்சி அக்கா என்று நாலு பேரும் நாலு பக்கமிருந்து பிடித்துக்கொண்டீர்கள். தனித்தனியாக எழுதினால் இழை சிக்கிவிடும் என்பதால் எல்லாருக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மடல் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தை முதலில் வைத்துவிடுகிறேன். திருப்பூர், கரூர்ப் பக்கம் ஏற்றுமதி அலுவலகங்களில் பேக்கிங் லிஸ்ட்டை எக்ஸெல்லில் போடுவார்கள். பொத்தானை அழுத்தினால் பிடிஎஃப் டெஸ்க்டாப்பில் வந்து விழ வேண்டும் என்பார்கள். இங்கே கைமாறிக் கைமாறிச் சுற்றுகிற மேக்ரோக்கள் பலவற்றில் என்விரான்("யூசர்புரொஃபைல்") என்று பயனரின் சொந்தக் கோப்புறையைக் கேட்டு, கிடைத்த விடையின் வாலில் "\டெஸ்க்டாப்" என்று ஒட்டியிருக்கும். அதைவிடப் பழசில் "சி:\டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" என்றே நேராக அடித்து வைத்திருப்பார்கள். அது எக்ஸ்பி காலத்துப் பாதை. 2007இல் விஸ்டா கடைக்கு வந்தபோதே அது "சி:\யூசர்ஸ்" ஆகிவிட்டது.

சரி, யூசர்புரொஃபைலைக் கேட்டு வால் ஒட்டினால் என்ன தப்பு? மைக்ரோசாப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் காப்பை இயக்கிய கணினியில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் கோப்புறைக்கு உள்ளே குடிபோய்விடும். அப்புறம் நாம் ஒட்டின பாதையில் கோப்புறையே இல்லாமல் 1004 என்று பிழை வரலாம். அல்லது பழைய கோப்புறை வெறுமனே கிடக்க, பிடிஎஃப் அதற்குள் போய் விழுந்து, திரையில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். இரண்டாவதுதான் மோசம். பிழைச் செய்தி வந்தாலாவது யாரையாவது கூப்பிடுவார்கள். வராவிட்டால் பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார்கள்.

சரியான வழி, இடத்தை நாமே கட்டாமல் விண்டோஸிடம் கேட்பது. டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல் என்ற பொருளை உருவாக்கி ஸ்பெஷல்ஃபோல்டர்ஸ்("டெஸ்க்டாப்") என்றால், இந்தப் பயனருக்கு இன்றைக்கு டெஸ்க்டாப் எங்கே இருக்கிறதோ அந்த முழுப்பாதையை அது கொடுத்துவிடும். மைடாக்குமென்ட்ஸ், ஸ்டார்ட்அப், டெம்ப்ளேட்ஸ் எல்லாம் இப்படியே. ஆக, ஒரு கோப்புறைக்கு மாறாத கூப்பிடுபெயர் ஒன்று, மாறக்கூடிய இடம் ஒன்று. இந்த வகைக் கோப்புறைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

இனி மறுப்புகள்.

> ‘சிறப்புக் கோப்புறை’ என்று நேராகவே ஒரு சொல் இருக்குது. அதை விட்டுட்டுப் புதுசு எதுக்குங்க?

ஈரோட்டு அண்ணா, எனக்கும் அதுவே போதும் என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் அத்தியாயத்தை எழுத எழுத அது காலை வாரியது. விண்டோஸில் ‘பப்ளிக்’ என்று ஒரு கோப்புறை உண்டு, எல்லாப் பயனருக்கும் பொது. அதன் டெஸ்க்டாப்பை ஆல்யூசர்ஸ்டெஸ்க்டாப் என்று கேட்க வேண்டும். அதைத் தமிழில் எப்படி எழுதுவது? ‘பொது டெஸ்க்டாப் என்பது ஒரு சிறப்புக் கோப்புறை’ என்றா? பொதுவும் சிறப்பும் நம் மொழியில் எதிரும் புதிருமாக நிற்கிற சொற்கள். மரம் பொது, தென்னை சிறப்பு என்று பள்ளியில் இலக்கணமே அப்படித்தான் படித்தோம். ஆங்கிலத்தில் இந்த இடிப்பு இல்லை. தமிழில் படிக்கிறவர் அந்த வரியில் நின்று தலையைச் சொறிவார்.

இன்னொன்று, டெஸ்க்டாப்புக்கு என்ன பெரிய சிறப்பு? அலுவலகத்தில் இருப்பதிலேயே குப்பையான இடம் அதுதான். பெயரிட்ட மைக்ரோசாப்ட்காரர்களே இந்தச் சொல்லில் நிற்கவில்லை. விஸ்டாவிலிருந்து ‘நோன் ஃபோல்டர்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதை ‘அறிந்த கோப்புறை’, ‘தெரிந்த கோப்புறை’ என்று எழுதினால் ‘தெரியாத கோப்புறை எது?’ என்று கேள்வி வரும். யாருக்குத் தெரிந்தது என்றும் அந்தச் சொல்லில் இல்லை.

நான் யோசித்த வழி இது. நம் பக்கம் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் லீவுக்கு ‘அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுக்கு’ப் போகிறேன் என்று சொல்லும். ஒரு பிள்ளைக்கு அது காங்கேயத்தில் இருக்கும், இன்னொன்றுக்குத் தாராபுரத்தில். தாராபுரத்து அப்பிச்சி நாளைக்கே உடுமலைக்கு வீடு மாறினாலும் அது அப்பிச்சி வீடுதான். முகவரி மட்டும் வேறு. கேட்கிறவர் யார் என்பதை வைத்து இடம் மாறுகிறது, கூப்பிடுகிற பெயர் மாறவில்லை. டெஸ்க்டாப்பும் அப்படியே: எந்தப் பயனர் உள்ளே நுழைந்திருக்கிறாரோ அவருடைய டெஸ்க்டாப். இந்த மாதிரிப் பெயருக்கு நம்மிடம் ஏற்கனவே பெயர் இருக்கிறது. தொல்காப்பியப் பெயரியலில் இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் என்று வரிசை வரும். தந்தை, தாய் என்று இன்னாருக்கு இன்னார் என்ற உறவால் வருவது முறைப்பெயர். கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, எடுத்துக்கொண்டால் போதும். ஊர்ப் பக்கம் இன்றைக்கும் புது ஆளிடம் ‘என்ன முறை வேணுமுங்க’ என்றுதானே கேட்கிறோம்?

> டெஸ்க்டாப்புக்கு இது பொருந்தும். விண்டோஸ் கோப்புறை, சிஸ்டம், டெம்ப், புரோகிராம் ஃபைல்ஸ் எல்லாம் பயனரோடு உறவே இல்லாதவை. அவை கணினிக்கு ஒன்றுதான். அங்கே ‘முறை’ எங்கே வந்தது?

கரூர்த் தம்பி, வந்ததிலேயே கூர்மையான கேள்வி உன்னுடையது. டெம்ப்பை முதலில் கழித்துவிடு, அது பயனருக்குப் பயனர் மாறுகிறது. கோப்புகளைக் கையாளுகிற ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் என்ற பொருளின் கெட்ஸ்பெஷல்ஃபோல்டருக்கு 0 கொடுத்தால் விண்டோஸ், 1 கொடுத்தால் சிஸ்டம், 2 கொடுத்தால் டெம்ப். மூன்றில் மூன்றாவது பயனருடையது.

புரோகிராம் ஃபைல்ஸ் இன்னும் சுவாரசியம். 64 பிட் விண்டோஸில் அது இரண்டு. ஒன்று வெறும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, மற்றது பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘எக்ஸ்86’ ஒட்டியது. 64 பிட் எக்ஸெல்லில் என்விரான்("புரோகிராம்ஃபைல்ஸ்") என்று கேட்டால் முதலாவது வரும். அதே கணினியில், அதே பயனர், 32 பிட் எக்ஸெல்லில் அதே வரியை ஓட்டினால் எக்ஸ்86 வரும். சிஸ்டம் கோப்புறையான சிஸ்டம்32இன் கதையும் இதே. 32 பிட் நிரல் அந்தக் கதவைத் தட்டினால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 என்ற வேறு கோப்புறைக்குள் அனுப்பிவிடும். ஆகக் கணினிக்கு ஒன்றுதான் என்று நீ சொன்ன இடத்திலும் விடை கேட்கிறவரைப் பொறுத்தே வருகிறது. அங்கே கேட்கிறவர் ஆள் இல்லை, நிரல், அவ்வளவுதான் வித்தியாசம். விண்டோஸ் கோப்புறை ஒன்று மட்டும் உன் பக்கம் என்று வைத்துக்கொள்.

> ‘முறை’ என்றால் மாணவர்கள் ‘மெதட்’ என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘இயக்க முறைமை’ வேறு இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று முறை ‘முறை’ வந்தால் யார் படிப்பார்கள்?

ஐயா, இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, பாதி இருக்கிறது. ‘இயக்க முறைமை’யைக் கையேட்டில் தவிர்த்து ‘இயங்குதளம்’ என்றே எழுதியிருக்கிறோம், அதனால் அந்த இடிப்பு தீர்ந்தது. மெதடைச் ‘செய்முறை’ என்று எழுதினோம், தனி ‘முறை’யாக அது எங்கும் நிற்கவில்லை. மிச்சம் இருப்பது ‘முறைக் கோப்புறை’ என்று நான் சுருக்கிய வடிவம். அதை மாணவர் ‘மெதட் ஃபோல்டர்’ என்று படிக்க வாய்ப்பு இருக்கிறது, எனவே சுருக்க வேண்டாம். ‘முறைப்பெயர்’ என்று முழுதாக வரும்போது யாரும் மெதட் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜி.ஆர். தாமோதரன் தொடங்கிய கலைக்கதிரை நீங்கள் எடுத்துக்காட்டியதில் எனக்கு மகிழ்ச்சி. கோவையிலிருந்து அறிவியலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த இதழ் அது. ஆனால் அங்கிருந்து, சொல்லுக்கு நேர் சொல் போட்டால் போதும் என்று நீங்கள் எடுத்த முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. அகராதிப் பட்டியலில் ஒரு சொல்லுக்கு நேர் ஒரு சொல் என்று பார்த்தால் ‘சிறப்புக் கோப்புறை’ அழகாகத்தான் நிற்கும். அதை நாலு பத்திக்கு ஓட்டிப் பார்த்தால்தான் எங்கே இடறுகிறது என்று தெரியும். என் கட்சி பத்தியின் கட்சி.

> படிக்கிறவங்க கணக்குப் பார்க்கிற பொண்ணுங்க. அவங்க டெஸ்க்டாப்னுதான் சொல்லுவாங்க. பொத்தான் மேல போய் இதை எல்லாம் எழுதிடாதீங்க.

அக்கா, எழுத மாட்டேனுங்க. பொத்தானில் ‘டெஸ்க்டாப்பில் சேமி’ என்றே இருக்கும். ‘முறைப்பெயர்’ வகைக்கான சொல், மேக்ரோ எழுதுகிறவருக்கு மட்டும். கையேட்டில் வரப்போகிற வரி இப்படி: ‘பாதையை நீங்களே கட்டாதீர்கள், முறைப்பெயரைக் கொடுத்து இயங்குதளத்திடம் முழுப்பாதையை வாங்குங்கள்.’ இது உங்களுக்கே உறுத்துகிறது என்றால் சொல்லுங்கள், மாற்றுகிறேன்.

‘பாதை’யை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ‘தடம்’ நம் வாய்க்கு நன்றாக வரும்தான், ஆனால் ஒலிக்கோப்பிலும் வட்டிலும் ‘டிராக்’குக்கு அதைக் கொடுத்தாகிவிட்டது. ‘இட்டேறி’ (ஊர்ப்பக்கத்து வண்டிப்பாதை) என்று ஈரோட்டு அண்ணன் எழுதியது கிண்டலுக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் வேலி, எதிரில் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. நெட்வொர்க் டிரைவுக்கு வேண்டுமானால் பொருத்தம்.

அத்தியாயத்தில் சேர்க்க வேண்டிய இன்னும் சில, சொல் விவாதம் இல்லாதவை. டவுன்லோட்ஸுக்கு ஸ்பெஷல்ஃபோல்டர்ஸ் பட்டியலில் இடமே இல்லை. கேட்டால் வெற்றுச் சரம்தான் திரும்பும். இந்தக் கோப்புறைகளுக்கு விண்டோஸ் முன்பு கொடுத்திருந்த பழைய சிஎஸ்ஐடிஎல் எண்களிலும் அது கிடையாது. ஷெல்.அப்ளிகேஷன் பொருளின் நேம்ஸ்பேஸுக்கு "ஷெல்:டவுன்லோட்ஸ்" என்று கொடுத்து, வருவதில் செல்ஃப்.பாத் என்று எடுக்க வேண்டும்.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் கோப்புறையில் இருப்பதைப் பட்டியலிடுகிற டிர் செயற்கூற்றை நம்ப வேண்டாம். விண்டோஸில் யூனிகோடு அல்லாத பழைய நிரல்களுக்கென்று அமைக்கிற குறிமுறைப் பக்கம் (எந்த எண் எந்த எழுத்து என்ற பட்டியல்) தமிழுக்குக் கிடையாது. டிர் அந்தப் பழைய வழியில் போவதால் ‘கொங்கு’ என்ற கோப்புறை வழக்கமான அமைப்பில் வெறும் கேள்விக்குறிகளாகத் திரும்பும். ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட் ஒழுங்காகப் படிக்கும்.

எக்ஸெல்லுக்கு மாற்றான லிப்ரேஆபிஸ் கால்க்கில் இதே வேலைக்குப் பாத்சப்ஸ்டிடியூஷன் என்ற சேவை. டாலர் குறி போட்டு அடைப்புக்குள் ஹோம், வொர்க், டெம்ப் என்று எழுதிக் கொடுத்தால் விரித்துக் கொடுக்கும். விடை முகவரி வடிவில் வரும், தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாக மாறியிருக்கும். ‘கொங்கு’ என்ற மூன்றே எழுத்து அங்கே சதவீதக் குறி, எண், ஆங்கில எழுத்து எல்லாம் சேர்ந்து 54 குறிகள். கன்வர்ட்ஃப்ரம்யூஆர்எல் போட்டால் பழையபடி தமிழாகிவிடும்.

ஒரு சிக்கலை மட்டும் உங்களிடமே விடுகிறேன். விண்டோஸில் இடைமுகத்தை வேறு மொழிக்கு மாற்றினால் டெஸ்க்டாப்பின் பெயர் பார்வைக்கு மட்டுமே மாறும். வட்டில் ஆங்கிலப் பெயரே இருக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. எக்ஸ்டிஜி என்ற லினக்ஸ் மேசைத்திரைகளுக்கான பொது ஏற்பாட்டில் முதல் நுழைவின்போதே அந்த மொழியில் உண்மையான கோப்புறை உருவாகும், எது எங்கே என்பதை ‘யூசர்-டிர்ஸ்.டிர்ஸ்’ என்ற உரைக்கோப்பில் எழுதிக்கொள்ளும். ஆக விண்டோஸில் ஒரே கோப்புறைக்கு முறைப்பெயர், வட்டில் உள்ள பெயர், கண்ணுக்குக் காட்டுகிற பெயர் என்று மூன்று. மூன்றாவதற்கு ‘காட்சிப்பெயர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கரூர்த் தம்பிக்கு இதிலும் ஏதாவது தோன்றும், சொல்லட்டும். அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை அச்சுக்கோப்பாக்கி அனுப்புகிறேன். அதற்குள் வருகிற திருத்தங்களைச் சேர்த்துவிடலாம்.

நன்றிங்க,
திருப்பூரிலிருந்து