குவாலிட்டி வேலை இன்டர்வியூவுக்கு சுய அறிமுகம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு, கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். இப்போது ஓசூர் பக்கம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு முயற்சி செய்கிறேன். அடுத்த வாரம் இன்டர்வியூ.

முதல் கேள்வி எப்படியும் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதுதான். யூடியூபில் தேடினால் பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், பொழுதுபோக்கு என்றே சொல்லித் தருகிறார்கள். அதில் பாதி பயோடேட்டாவிலேயே இருக்கிறதே! அதை விட்டுவிட்டு வேலையைப் பற்றியே பேசலாம் என்று நினைக்கிறேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் என்ற மூன்று அளவுக் கருவிகளும் பழக்கம். டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பு) பார்க்கத் தெரியும். ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸை அளந்து ரிப்போர்ட் எழுதுவதும் நான்தான். ஒருமுறை இன்சர்ட் (மெஷினில் உலோகத்தை வெட்டும் முனை) தேய்ந்து துளையின் விட்டம் பீஸுக்குப் பீஸ் குறைந்துகொண்டே வந்தது. டாலரன்ஸைத் தாண்டும் முன்பே கவனித்து மெஷினில் ஆஃப்செட் (தேய்மானத்துக்கு ஏற்ற அளவுத் திருத்தம்) கொடுத்துவிட்டேன், ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை.

இந்தச் சம்பவத்தை அறிமுகத்திலேயே சொல்லலாமா, அவர்கள் கேட்கட்டும் என்று வைத்திருக்கலாமா? ஒன்றரை நிமிடத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். அப்புறம், படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஓராண்டு அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டேன். அதை நானாகவே சொல்ல வேண்டுமா? ஆங்கிலத்தில் தொடங்கி, மெஷின் விஷயம் வரும்போது தமிழுக்கு மாறினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.