5.5 செ.மீ. ஈரல் கட்டி: எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பும்போது கடிதத்தில் என்ன எழுதுவது?

ஹட்டன் ஈ.எம்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்):
வணக்கம் டொக்டர்மார். கொழுந்து பறிக்கும் 34 வயதுப் பெண். வயிற்று ஸ்கேனில் ஈரலின் வலப்பக்கம் 5.5 செ.மீ. கட்டி. ஹெப்படைட்டிஸ் பி, சி இல்லை, ஏ.எஃப்.பி. (ஈரல் புற்றுக்கான இரத்தச் சோதனை) சாதாரணம். பல வருசமாகக் கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கிறார். கண்டிக்கு எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகிறோம். இன்ன கட்டி என்று அதில் பிரித்துச் சொல்ல முடியுமா? எப்படித் தயார்படுத்துவது?

கதிரியக்க வைத்தியர்:
பெரும்பாலும் முடியும். ஹெமாஞ்சியோமா (இரத்தக் குழாய்கள் திரண்ட சாதுவான கட்டி) என்றால் டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். படத்தைத் தெளிவாக்கும் மருந்தை நரம்பில் ஏற்றியதும் ஓரத்தில் திட்டுத்திட்டாகப் பிடித்து மெல்ல உள்ளே நிரம்பும். சிக்கல் எஃப்.என்.எச்.சுக்கும் (ஈரல் கலங்கள் பெருகி வரும் சாதுவான கட்டி) அடினோமாவுக்கும் (கர்ப்பத்தடை மாத்திரையோடு தொடர்புள்ள, சிலவேளை இரத்தம் கசியும் கட்டி) இடையில்தான். தமனிக் கட்டத்தில் (மருந்து ஏற்றிய சில செக்கன்களில், அது தமனி வழியாக ஈரலுக்கு வரும்போது எடுக்கும் படம்) இரண்டுமே ஒளிரும். ஆகவே மாத்திரை விஷயத்தைக் கடிதத்தில் கட்டாயம் எழுதி, கடோக்ஸெட்டேட் என்ற, ஈரல் கலங்கள் உள்ளிழுக்கும் எம்.ஆர்.ஐ. மருந்து கிடைக்குமா என்று கேளுங்கள். கிலோவுக்கு 0.1 மி.லீ.; 50 கிலோ என்றால் 5 மி.லீ. அதில் ஏறத்தாழப் பாதி ஈரல் கலங்களுக்குள் போய்ப் பித்தத்தில் இறங்கும். 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் எஃப்.என்.எச். ஈரலைப் போலவோ அதைவிட வெளுப்பாகவோ தெரியும், நடுத்தழும்பு மட்டும் கறுப்பு. அடினோமா பெரும்பாலும் முழுக்கக் கறுத்திருக்கும். ஆனால் பீட்டா-கேட்டனின் என்ற மரபணு மாற்றமுள்ள வகை அடினோமாக்கள் சில மருந்தைப் பிடித்துவைத்து ஏமாற்றும். புற்றாக மாறக்கூடியதும் அந்த வகைதான். சந்தேகம் மிஞ்சினால் பயொப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது).

எம்.ஆர்.ஐ. ரேடியோகிராபர்:
மூச்சைப் பழக்கி அனுப்புங்கள். கடோக்ஸெட்டேட் ஏற்றியதும் சிலருக்குச் சற்று மூச்சு முட்டும்; தமனிக் கட்டம் விழுவதும் அதே நேரத்தில்தான். அது அசைந்து கெட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. மூச்சை வெளியே விட்டு 15–20 செக்கன் அடக்கப் பழகட்டும். 4 மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம். கொண்டை ஊசி, மூக்குத்தி, மெட்டி, தாலிக்கொடி கழற்றியிருக்கட்டும்; தாலிக்குத் தயங்கினால் மஞ்சள் கோத்த வெறும் கயிறு போதும். சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் இரத்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும், அதிலிருந்து கணிக்கும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிக்கும் அளவு) 30க்குக் கீழ் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள்.

ஹட்டன் ஈ.எம்.ஏ.:
நன்றி. அடினோமா என்று வந்தால்?

சத்திரசிகிச்சை வைத்தியர்:
மாத்திரையை நிறுத்தி 6 மாதத்தில் மீண்டும் எம்.ஆர்.ஐ. அப்போதும் 5 செ.மீ. அல்லது மேல் என்றாலோ வளர்ந்திருந்தாலோ வெட்டி எடுப்போம். எஃப்.என்.எச். என்றால் சத்திரசிகிச்சை வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் அவசியமில்லை. இப்போதைக்கு மருத்துவிச்சியிடம் சொல்லி லூப் (கருப்பையில் வைக்கும் செப்பு வளையம்) போன்ற ஹோர்மோன் இல்லாத வழிக்கு மாற்றுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுக் கர்ப்பமானால் அடினோமா இன்னும் பெருக்கக்கூடும். திடீரென வலது விலாவுக்குக் கீழ் கடும் வலியும் மயக்கமும் வந்தால் கட்டியிலிருந்து இரத்தம் கசிகிறதாக இருக்கக்கூடும். கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே அம்புலன்சில் ஏற்றுங்கள்.