பழைய மடிகணினியில் லினக்ஸ் நிறுவலாமா?

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். உயர்தரம் படிக்கும் தங்கைக்காக, 2011இல் வாங்கிய எனது மடிகணினியை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், பழைய சுழல் வன்தட்டு. விண்டோஸ் 10 திறந்து முடியவே பத்து நிமிடம் செல்கிறது. அதற்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. தமிழில் தட்டச்சுச் செய்வது அவளுக்கு மிகவும் அவசியம். விண்டோஸுக்குப் பதிலாக எந்த லினக்ஸ் இயங்குதளம் பொருந்தும்?

பதில் (முல்லைத்தீவு):
தம்பி, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு உங்களுக்குப் போதும். முதலில் பென்டிரைவிலிருந்து, நிறுவாமலே இயக்கி, ஒலியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். எனது அனுபவத்தில், வன்தட்டை எடுத்துவிட்டு, சுழலும் பாகமில்லாத வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்தியதுதான் பெரிய மாற்றத்தைத் தந்தது. அதற்காக அடிமூடியைக் கழற்றியபோது, விசிறியின் இதழ்களுக்கிடையில் எங்கள் ஒழுங்கையின் செம்புழுதி கம்பளிபோல அப்பிக்கிடந்தது. மென்தூரிகையால் அதை நீக்கிய பிறகு கணினி சூடேறி அணைவதும் நின்றது.

பதில் (வவுனியா):
தமிழுக்கு ஐபஸ், எம்17என் ஆகிய தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால், நம் நாட்டில் புழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பே கிடைக்கும். பாமினியில் தட்டச்சான பழைய வினாத்தாள்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது வட்டு முழுவதும் அழிக்கப்படலாம் என்பதால், படங்களையும் ஆவணங்களையும் முன்கூட்டியே வேறிடத்தில் பிரதியெடுத்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. பென்டிரைவில் இயக்கிப் பார்த்தேன். வைஃபை மட்டும் தெரியவில்லை.

பதில் (முல்லைத்தீவு):
கைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைப் பகிருங்கள். நிறுவிய பின் மின்டில் உள்ள இயக்கி மேலாளரை (Driver Manager) திறந்தால், வைஃபையை வேலைசெய்ய வைக்கும் இயக்கி மென்பொருள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.