தம்பிக்குக் கப்பல் வேலை: சோமாலியாப் பக்கம் அனுப்பலாமா?

அலம்பில் அக்கா:
வணக்கம். நாங்கள் முல்லைத்தீவு, அலம்பில் பக்கம். தம்பிக்கு ஒரு எண்ணெய்க் கப்பலில் வேலை சரிவந்திருக்கிறது, ஜிபூட்டிக்கும் மொகடிசுவுக்கும் இடையில் ஓடுமாம். 2017இல் எட்டு இலங்கையரோடு ஏரிஸ் 13 என்ற எண்ணெய்க் கப்பலைச் சோமாலியக் கடற்கொள்ளையர் பிடித்தது அம்மாவுக்கு நல்ல நினைவு, அதே பாதை என்று கேட்டதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாவில்லை. அங்கே இவ்வளவு கடற்படைகள் நிற்கும்போது இப்பவும் பயப்பட வேண்டுமா? ஏஜென்சிக்காரர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்.

பழைய மாலுமி, வவுனியா:
தங்கச்சி, நான் அந்தக் கடலில் ஓடினவன். 2008 தொடங்கி 2012 வரைக்கும்தான் உச்சம், 20 லட்சம் பீப்பாய் எண்ணெயோடு போன சீரியஸ் ஸ்டாரையே பிடித்தார்கள். ஐ.நா. பாதுகாப்புச் சபை 2008இல் 1816ஆம் தீர்மானம் போட்டு, சோமாலிய அரசின் சம்மதத்தோடு அவர்களின் கடலுக்குள்ளும் வெளிநாட்டுக் கடற்படைகள் போகலாம் என்றது. அந்த டிசம்பரில் ஐரோப்பியரின் அட்டலாண்டா என்ற கடற்படை நடவடிக்கை, அடுத்த மாதம் பல நாட்டுக் கடற்படைகள் சேர்ந்த 151ஆவது அணி. அதனால் நிறையக் குறைந்தது, ஆனால் முடியவில்லை. 2023 டிசம்பரில் ரூவென் என்ற கப்பலைப் பிடித்து வைத்திருந்தார்கள், அடுத்த மார்ச்சில் இந்தியக் கடற்படை 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து 17 மாலுமிகளையும் உயிரோடு மீட்டது.

அப்புறம், கடற்படை வந்து சேர மணித்தியாலக் கணக்காகும், கொள்ளையர் ஏற சில நிமிடம் போதும். கொக்கி வைத்த ஏணியோடு சின்னப் படகில் பின்பக்கத்தால்தான் வருவார்கள். நாங்கள் தளத்தைச் சுற்றி முள்ளுக்கம்பிச் சுருள் கட்டுவோம் (தடித்த கையுறை போட்டாலும் கை கிழியும்), தண்ணீர்க் குழாய்களை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டித் திறந்து விடுவோம், இரவில் பின்தளத்தில் ஆள் மாறி ஆள் காவல். ஏறிவிட்டால் உள்ளுக்குள் பூட்டக்கூடிய ஒரு அறைக்குள் எல்லோரும் ஓட வேண்டும், ஒருவன் வெளியில் அகப்பட்டாலும் கடற்படை சுட யோசிக்கும். சுமை ஏற்றிய பிறகு தளம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம், வேகம் எவ்வளவு என்று கேளுங்கோ. ஏரிஸ் தாழ்ந்த கப்பல், மெதுவான கப்பல், கரைக்குக் கிட்டவும் போனது. சில நாளில் கப்பம் இல்லாமல் விட்டது அவர்களின் அதிர்ஷ்டம்.

நாயாற்றுக்காரன்:
இது எப்படித் தொடங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். 1991இல் அங்கே அரசாங்கம் விழுந்தது, காவல் இல்லாத கடலில் வெளிநாட்டு றோலர்கள் வந்து அள்ளிக்கொண்டு போயின. இழுவைப்படகு வந்து போன இரவுக்கு அடுத்த காலை அறுந்த வலையை இழுத்துப் பார்க்கிற எங்களுக்கு அந்தக் கோபம் விளங்கும். ஆனால் பிறகு அது கப்பம் வாங்கும் தொழிலாகி, ஏழை மாலுமிகளையும் மீனவர்களையும்தான் பிடித்தது. 2024 ஜனவரியில் எங்கள் நாட்டுப் பலநாள் படகு லொரென்சோ புத்தா 4ஐயும் ஆறு பேரோடு பிடித்தார்கள், சீஷெல்ஸ் கரையோரக் காவல் போய் மீட்டது. கரையில் வேலையும் சட்டமும் வராமல் போர்க்கப்பல் மட்டும் சுற்றினால் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கும்.

அலம்பில் அக்கா:
நன்றி அண்ணை. பிடிபட்டால் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்கிறார் ஏஜென்சிக்காரர். அதை நம்பலாமா?

பழைய மாலுமி, வவுனியா:
வாய்ப்பேச்சை நம்பவேண்டாம், எனக்குப் பெரிய பயமே அங்கேதான். அல்பெடோ என்ற சரக்குக் கப்பல் 2010 நவம்பரில் பிடிபட்டது, அதில் இலங்கையரும் இருந்தார்கள். கப்பல் 2013இல் கடலில் மூழ்கிய பிறகும் மிஞ்சியவர்கள் வெளியில் வர 2014 ஆனது. கப்பம் கேட்டு பேச்சு நடக்கிற நேரம் முதலாளி கைவிட்டால் மாலுமிக்கு யாருமில்லை.

இப்ப கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் திருத்தம் வந்திருக்கிறது, கொள்ளையரிடம் சிறைப்பட்டிருக்கும் காலத்திலும் ஒப்பந்தம் செல்லும், சம்பளம் ஓட வேண்டும். 2020 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஆனால் கப்பலின் கொடி நாடு, அதாவது கப்பலைப் பதிந்திருக்கிற நாடு, அதை ஏற்றிருக்க வேண்டும், அதனால் எந்தக் கொடி என்று முதலில் கேளுங்கோ. கைவிடப்பட்டால் வீடு திரும்பவும் சம்பள நிலுவைக்கும் காப்புறுதிச் சான்றிதழ் கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும், அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கோ. கப்பலின் ஐஎம்ஓ இலக்கத்தை (பெயர் மாறினாலும் மாறாத அடையாள இலக்கம்) வாங்கி எக்குவாசிஸ் (Equasis) இணையத்தளத்தில் போட்டால் முதலாளி யார், துறைமுகத்தில் தடுத்து வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். இலக்கம் தர மறுத்தால் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்க வேண்டாம்.

அலம்பில் அக்கா:
சரி அண்ணை, நாளைக்குக் காலமை தம்பியோடு நானும் போய்க் கேட்கிறேன். இலக்கம் கிடைத்தால் இங்கே போடுகிறேன், ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ.